வில்லட்டின் இருபது நிமிஷமும் வீட்டு வாண்டுகளும்

மார்ச் ரெண்டாவது ஞாயிறு வந்தால் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளணும். நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுக்கணும். நம்மை மாதிரி பொட்டி தட்டுற மக்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் ஒண்ணுமில்லை. சென்னைக்கும் நியூஜெர்சிக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிரில் பத்தரை. ஆஃப்ஷோர் கால் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் மூணு வயசுக்குள் ஒரு வாண்டு இருந்தால் கதையே வேற. நமக்கு அலாரம் இருக்கு, காபி இருக்கு. அதுக்கு வெளிச்சமும் பசியும்தான் கடிகாரம். இந்த ஒரு மணி நேரத்தை யார் கண்டுபிடிச்சாங்க, அப்போ குழந்தைங்களைப் பத்தி யாராவது யோசிச்சாங்களா என்று தோண்டப் போனதில் கிடைத்த சரித்திரம்தான் இது.

முதலில் ஒரு டுபாக்கூர் தகவலை ஓரங்கட்டுவோம். இதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்று நிறைய பேர் சொல்வார்கள். அவர் 1784-ல் பாரீஸ் பத்திரிகை ஒன்றுக்கு எழுதியது ஒரு நக்கல் கடிதம். சீக்கிரம் எழுந்தால் மெழுகுவர்த்திச் செலவு மிச்சம் என்றாரே தவிர, கடிகாரத்தில் கை வைக்கச் சொல்லவில்லை.

நிஜமாகவே கை வைக்கச் சொன்னவர் நியூசிலாந்தின் ஜார்ஜ் வெர்னன் ஹட்சன். தபால் துறையில் வேலை, பூச்சி சேகரிப்பது பொழுதுபோக்கு. வேலை முடிந்து பூச்சி பிடிக்க வெளிச்சம் வேணுமே! 1895-ல் ரெண்டு மணி நேரம் தள்ளலாம் என்று ஒரு கட்டுரை வாசித்தார். யாரும் பெரிசாகக் கண்டுக்கலை.

அடுத்து வந்தவர்தான் நம்ம ஹீரோ, இங்கிலாந்தின் வில்லியம் வில்லட். வீடு கட்டி விற்கும் பில்டர். (கோல்ட்ப்ளே பாடகர் கிறிஸ் மார்ட்டினுக்கு எள்ளுத் தாத்தா!) கோடைக்காலத்தில் விடிந்து வெகு நேரமாகியும் ஊரே திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறதே என்று அவருக்கு ஆதங்கம். 1907-ல் சொந்தக் காசில் ஒரு சிறு புத்தகம் போட்டார். அவர் சொன்ன கணக்கைக் கவனிங்க: ஏப்ரல் மாதத்தின் நாலு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொரு ஞாயிறும் இருபது நிமிஷம். மொத்தம் எண்பது நிமிஷம். செப்டம்பரில் அதே மாதிரி நாலு தவணையில் திரும்பி வரணும். அதாவது உடம்புக்கே தெரியாமல் நகர்த்துவது.

விவாதம் நடக்க நடக்க நாலு தவணை சுருங்கி ஒரே தவணை ஆனது. நிர்வாகத்துக்கு அதுதானே சுலபம்? பார்லிமெண்ட் அதையும் நிறைவேற்றவில்லை. வில்லட் 1915-ல் காலமானார். அடுத்த வருஷமே, 1916 ஏப்ரல் 30-ல், ஜெர்மனி போர்க்கால நிலக்கரியை மிச்சம் பிடிக்க இதை அமல்படுத்தியது. மூணே வாரத்தில் பிரிட்டனும். ஒரே ராத்திரியில் ஒரு மணி நேரம்!

அமெரிக்கா 1918-ல் சேர்ந்தது. விவசாயிகள் கொதித்துப் போனார்கள். மாடு கடிகாரம் பார்த்தா பால் கொடுக்கும்? அதிபர் வில்சனின் வீட்டோவையும் மீறி 1919-ல் காங்கிரஸ் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. மாட்டுக்காகப் பேச அன்றைக்கு ஆள் இருந்தது. குழந்தைக்காக ஆள் பேச இன்னும் அம்பது வருஷம் ஆனது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி. குளிர்காலத்திலும் கோடை நேரமே இருக்கட்டும் என்று நிக்சன் கையெழுத்துப் போட்டார். 1974 ஜனவரி 6 முதல் அமல். பல ஊர்களில் காலை எட்டு மணி தாண்டியும் சூரியனைக் காணோம். பிள்ளைகள் டார்ச் லைட்டோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். ஃப்ளோரிடாவில் சில வாரங்களுக்குள் எட்டு பள்ளிப் பிள்ளைகள் சாலை விபத்துகளில் இறந்தார்கள். அந்த மாநில கவர்னர் ரூபின் ஆஸ்க்யூ சட்டத்தை ரத்து செய்யக் கோரினார். டிசம்பரில் 79 சதவீதமாக இருந்த மக்கள் ஆதரவு பிப்ரவரியில் 42-க்கு இறங்கியது. அந்த வருஷ அக்டோபரிலேயே பழைய குளிர்கால நேரத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

பிரிட்டனிலும் இதே கதை. 1968 முதல் 1971 வரை வருஷம் முழுக்கக் கோடை நேரம் வைத்துப் பார்த்தார்கள். வட ஸ்காட்லாந்தில் டிசம்பரில் சூரியன் வரவே காலை பத்து மணி வாக்கில் ஆகும். பிள்ளைகள் இருட்டில் மினுங்கும் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். இதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லணும். காலை விபத்து கூடினாலும் மாலை விபத்து அதைவிட அதிகமாகக் குறைந்தது என்றுதான் புள்ளிவிவரம் காட்டியது. ஆனாலும் இருட்டில் நடக்கும் பிள்ளையைப் பார்த்த அம்மாக்களிடம் அந்தக் கணக்கு எடுபடவில்லை. 1970 டிசம்பரில் 366-க்கு 81 என்ற ஓட்டில் திட்டத்துக்கு மங்களம் பாடினார்கள்.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கு. இலங்கையில் 1996-ல் வறட்சி, மின்சாரத் தட்டுப்பாடு. மே மாதம் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, அக்டோபரில் அரை மணி திருப்பினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. ஆக, ஒரே தீவுக்குள் அரை மணி வித்தியாசம், பத்து வருஷத்துக்கு! 2006 ஏப்ரலில் நாடு முழுக்கப் பழைய நேரத்துக்கே வந்தபோது, பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

கவனிச்சீங்களா? மூணு இடத்திலும் நேரத்தை மாற்றியது எரிபொருளோ வெளிச்சமோ மிச்சம் பிடிக்கிற கணக்கு. திருப்பி வைத்ததில் காலை இருட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய பங்கு. ஆனால் அதெல்லாம் பஸ் ஏறும் வயசுப் பிள்ளைகள். பஸ்ஸே ஏறாத குட்டிகளுக்கு யாரும் மசோதா கொண்டுவரலை.

அதனால் அம்மா அப்பாக்களே தனித்தனியாக வில்லட்டைத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்னிக்கு குழந்தை டாக்டர்கள் சொல்றதும் ஏறக்குறைய அவர் திட்டம்தான். எங்கள் வீட்டில் ரெண்டரை வயசு மகளுக்குப் படுக்கை நேரம் எட்டு மணி. மார்ச் மாற்றத்துக்கு முந்தின புதன் ராத்திரி 7.45, வியாழன் 7.30, வெள்ளி 7.15, சனி 7.00. ஞாயிறு அதுவே புது எட்டு மணி. நவம்பரில் இதையே தலைகீழாக, 8.15-ல் ஆரம்பித்து சனி ராத்திரி ஒன்பது. தூக்கம் மட்டும் இல்லை, சாப்பாடு, குளியல், மத்தியானக் குட்டித் தூக்கம் எல்லாமே அந்தப் பதினைந்து நிமிஷம் நகரணும்.

மார்ச்சில் காலையில் எழுந்ததும் திரையை விலக்கி நல்ல வெளிச்சம் காட்டணும், சாயங்காலம் விளக்கைக் குறைக்கணும். மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்குச் சாவி கண் வழியாகப் போகிற வெளிச்சம்தான். காலை வெளிச்சம் அதை முன்னால் தள்ளும், ராத்திரி வெளிச்சம் பின்னால் இழுக்கும். நவம்பரில் அஞ்சு மணிக்கே முழிச்சுக்கிட்டா உடனே விளக்கைப் போடாமல் அறையை இருட்டாகவே வைத்திருப்பது நல்லது. ஒன்று முதல் ரெண்டு வயசுக்கு ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று முதல் ஐந்துக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேணும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அதில் ஒரு மணி நேரம் போச்சுன்னா என்ன ஆகும்னு கேட்கவே வேண்டாம், திங்கட்கிழமை வீடே சொல்லும் :-)

இந்த மாற்றத்தையே ஒழிக்கலாம் என்ற பேச்சும் ஓய்ந்தபாடில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-ல் ஒழிக்க ஓட்டுப் போட்டது, அது நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்க செனட் 2022-ல் வருஷம் முழுக்கக் கோடை நேரம் என்று நிறைவேற்றியது, கீழவையில் படுத்துவிட்டது. ஒழிப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நிரந்தரக் கோடை நேரம் என்றால் அது 1974 ஜனவரியின் ரீமேக். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி நிரந்தரமாக இருக்கவேண்டியது குளிர்கால நேரம்தான் என்கிறது. என் ஓட்டும் அதுக்கே. சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட விளையாடுவது நல்ல விஷயம்தான், ஆனா அதுக்கு விலை இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைன்னா வேண்டாம்.

அதுவரைக்கும் வருஷத்துக்கு ரெண்டு புதன்கிழமை வில்லட் தாத்தாதான் துணை.