டிஸ்க் மெதுவா, கேள்வி பெருசா?

திருவிடந்தையிலிருந்து மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி கம்பெனிகள். அங்கே டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற வாக்கியம்: "டிஸ்க் ஸ்லோ சார், புதுசு வாங்கணும்." இந்தப் புகாருக்குக் கிட்டத்தட்ட 70 வயசு. அதன் வரலாறு தெரிந்தால் பல நேரம் அந்தச் செலவு மிச்சம்.

1956-இல் ஐபிஎம் தன் சான் ஹோசே ஆய்வகத்தில் உருவாக்கிய 'ராமாக்' கணினியை வெளியிட்டது. அதில்தான் முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குலத் தட்டுகள் 50. மொத்தம் 50 லட்சம் எழுத்துகள். ஒரு தகவலை எடுக்கச் சராசரியாக 600 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் பெரும்பகுதி, படிக்கும் கை சரியான தட்டுக்கும் தடத்துக்கும் போய்ச் சேர்வதற்கே செலவானது. பிறகு கை வேகமானது, ஆனால் நினைவகம் அதைவிடப் பல மடங்கு வேகமானது. நினைவகத்தில் படிப்பது ஒரு செகண்ட் என்று வைத்துக்கொண்டால், சாதாரண ஹார்ட் டிஸ்கில் தேடிப் படிப்பது ஒரு நாளுக்கும் மேல்.

அதனால் டேட்டாபேஸ் வரலாறே ஒருவகையில் அந்தக் கையை அலையவிடாமல் பார்த்துக்கொண்ட வரலாறுதான். எங்க ஊர் ஸ்தல புராணத்தில் பெருமாள் 360 கன்னியரை நாளுக்கு ஒருவராக மணந்து, கடைசியில் எல்லோரையும் ஒரே அகிலவல்லித் தாயாராக்கினார். டேட்டாபேஸ்காரர்களும் 360 தனித்தனிப் பயணங்களை ஒன்றாக்கத்தான் பாடுபட்டார்கள்.

போயிங் கம்பெனியில் வேலை பார்த்த பேயரும் மெக்ரைட்டும் 1970-களின் தொடக்கத்தில் பி-மரத்தைக் கொடுத்தார்கள். கோடி வரிசைகள் இருந்தாலும் நாலைந்து பக்கம் படித்தால் தேடியது கிடைத்துவிடும். 1979-இல் அதே சான் ஹோசேயில் பட்ரிஷியா செலிங்கரும் குழுவினரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு குவரியை ஓட்டும் முன்பே எத்தனை பக்கம் படிக்க வேண்டிவரும் என்று கணக்குப் போட்டு, மலிவான வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் வரிசையாகப் படிக்கும் பக்கத்துக்கு விலை 1, தாவித் தாவிப் படிக்கும் பக்கத்துக்கு 4. யாரும் மாற்றாதவரை இதுதான். எஸ்எஸ்டி-யில் கையே கிடையாது, அங்கே அந்த 4 அதிகம்.

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. 1973-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியால் ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370/155 வந்தது. அங்கே 1977-இல் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்த சி. மோகன், 1981-இல் சான் ஹோசே ஆய்வகத்தில் சேர்ந்தார். 1992-இல் அவரும் சகாக்களும் வெளியிட்டதுதான் 'ஏரீஸ்'. ஒவ்வொரு மாற்றத்தையும் அதனதன் இடத்துக்குப் போய் உடனே எழுத வேண்டாம். லாகில் வரிசையாக எழுதினால் போதும், பக்கங்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். நடுவில் மின்சாரம் போனாலும் லாகை வைத்து மீட்டுவிடலாம். எழுதும் வேலை கையை விட்டதால், படிக்கிறவனுக்கு அது கிடைத்தது.

சரி, இன்றைக்கு ஒரு குவரி மெதுவாக இருந்தால்? இந்த வரலாறே கேள்விகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. முதலில், எத்தனை பக்கம் படிக்கிறது? போஸ்ட்கிரெஸ்ஸில் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் பஃபர்ஸ்' சொல்லிவிடும். அது 'ரீட்' என்று காட்டுவதெல்லாம் டிஸ்கிலிருந்து வந்ததாக இருக்கணும்னு இல்லை, லினக்ஸின் கேஷிலிருந்தும் வந்திருக்கலாம். அடுத்து, வரிசையாகவா, தாவித் தாவியா? அட்டவணையில் பெரும்பகுதி தேவைப்பட்டால் இண்டெக்ஸ் வழியாகப் போவதே தாமதத்தைக் கூட்டும். மூன்றாவது, அதே நேரத்தில் செக்பாயின்ட்டோ பேக்கப்போ ஓடுகிறதா? இதெல்லாம் முடிந்த பிறகுதான் 'ஐஓஸ்டாட்' பார்த்து, ஒரு படிப்புக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று டிஸ்கை விசாரிக்கணும்.

ஒரு பக்கத்துக்கு 1 மில்லிசெகண்ட், குவரி படிப்பது 40,000 பக்கம் என்றால் 40 செகண்ட். டிஸ்கை இருமடங்கு வேகமாக்கினால் 20 செகண்ட். சரியான இண்டெக்ஸ் போட்டு 4 பக்கமாக்கினால் 4 மில்லிசெகண்ட். புது டிஸ்குக்குக் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க.