ஸ்டாவ் தேவாலயங்கள்: இடைக்கால நோர்டிக் மரக் கட்டடக்கலையும் அகழாய்வும்

ஸ்டாவ் தேவாலயம் என்பது செங்குத்தான மரத்தூண்களைச் சட்டமாக நிறுத்தி, இடையே பலகைகளைச் செருகிக் கட்டிய கிறித்தவக் கோயில். 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை நார்வேயில் இவை பெருகின. ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1349இல் கறுப்புச் சாவு எனப்படும் கொள்ளைநோய் வந்து நாட்டின் மக்கள்தொகையைப் பெருமளவு குறைத்த பிறகு புதிதாகக் கட்டுவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. இன்று நார்வேயில் 28 மிஞ்சியுள்ளன. சுவீடனில் ஹெடாரெட் என்ற சிற்றூரில் ஒன்று இருக்கிறது. இவற்றின் தூரத்து உறவினர் என்று சொல்லத்தக்க சில கட்டடங்களை லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் இருப்பவர்கள் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம்.

தொடக்ககாலக் கோயில்களில் தூணின் அடி நேரே மண்ணில் புதைந்தது. ஈரம் ஏறியது, இரண்டொரு தலைமுறையில் அடி உளுத்தது. பின்வந்த தச்சர்கள் கல் வரிசை மேல் கனத்த அடிச்சட்டங்களைப் படுக்கவைத்து, அவற்றின் மேல் தூணை நிறுத்தினார்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் மரத்தூணுக்கு அடியில் கல் வைப்பதும் இதே கணக்குத்தான். சுவர்ப் பலகைகள் அடிச்சட்டத்தின் பள்ளத்தில் நின்று, ஒன்றின் நாக்கு மற்றதன் காடியில் பொருந்துகின்றன. தூண்களுக்கிடையே பெருக்கல் குறி போன்ற குறுக்குக் கட்டைகள். மூலைகளுக்கு, இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்திலிருந்து அறுத்த முழங்கால் கட்டைகள். காற்று அறையும்போது கட்டடம் சற்று அசைந்து கொடுக்கும், பிளவுபடாது. வெளிப்புறம் முழுக்கப் பைன் தார். எண்ணூறு ஆண்டு நின்றதற்குச் சிற்ப வேலையைவிட அந்தக் கல் வரிசையும் தாரும்தான் காரணம். ஆனால் சுற்றுலாப் புத்தகங்கள் கூரை முகட்டு டிராகன் தலைகளைத்தான் அட்டையில் போடுகின்றன. அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது போர்குண்ட். 1180ஐ ஒட்டி வெட்டிய மரத்தாலான அந்தக் கோயில் பிற்கால மாற்றங்களுக்கு அதிகம் ஆட்படாமல் தப்பியது.

யுனெஸ்கோ 1979இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஊர்னெஸ் கோயிலில் ஒரு புதிர் நெடுநாள் இருந்தது. வடக்கு வாயிலில் மெலிந்த நாற்கால் விலங்கொன்று பாம்புகளோடு பின்னிக் கிடக்கிறது. அந்தச் செதுக்குப் பாணி கட்டடத்தின் மற்றப் பகுதிகளைவிடப் பழையது. 1950களில் தரைக்கடியில் தோண்டியபோது, இப்போதைய கோயிலுக்கு முன்பே அதே இடத்தில் நின்ற கோயிலின் தூண்குழிகள் வெளிப்பட்டன. மரவளையக் கணிப்பு இதைக் கூர்மையாக்கியது. நிற்கும் கோயில் 1130ஐ ஒட்டியது, வாயிற்பலகைகளின் மரம் 1070ஐ ஒட்டியது. பழைய கோயிலைப் பிரித்தவர்கள் அதன் அழகான பகுதியை மட்டும் கழற்றிப் புதியதில் பொருத்தியிருக்கிறார்கள். இப்படி நிற்கும் கோயிலின் வரலாற்றில் பாதி தரைக்கடியில் கிடப்பது வேறு பல ஊர்களிலும் உண்டு.

மனிதர்களும் அங்கேதான் கிடைக்கிறார்கள். தரைப்பலகை இடுக்கு வழியே விழுந்தவை யாராலும் பொறுக்கப்படாமல் நூற்றாண்டுகள் கிடந்தன. ரிங்கெபு கோயிலில் 1980-81 அகழாய்வில் ஏறத்தாழ 900 நாணயங்கள் எடுக்கப்பட்டன. 1970களில் லோம் கோயிலின் தரைக்கடியில் கிடைத்த, ரூன் என்னும் பழைய நோர்டிக் எழுத்து பொறித்த குச்சி இன்னும் சுவையானது. ஹோவார்ட் என்பவன் குன்ஹில்ட் என்பவளுக்கு அனுப்பிய திருமண விண்ணப்பம் அது. கோல்பெய்ன் என்பவனோடு இருக்க அவள் விரும்பாவிட்டால் தன்னை மணக்கச் சம்மதமா என்று யோசித்துச் சொல்லும்படி கேட்கிறான். அவள் குச்சியை வேண்டுமென்றே கீழே போட்டாளா, கைதவறி விழுந்ததா என்று அகழாய்வு சொல்லாது.

கொள்ளைநோய்க்கும் நெருப்புக்கும் தப்பியவற்றில் பலவற்றை அழித்தது சட்டம். ஊர்மக்களில் பத்தில் மூன்று பங்கினராவது கோயிலுக்குள் அமர இடம் வேண்டும் என்று 1851இல் நார்வே விதித்தது. சிறிய ஸ்டாவ் கோயில்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை, வரிசையாக இடிக்கப்பட்டன. ஓவியர் ஜே. சி. டால் அதற்கு முன்பே இவற்றைப் பற்றி நூல் வெளியிட்டு எச்சரித்திருந்தார். 1841இல் வாங் கோயில் இடிபட இருந்தபோது, அவர் முயற்சியால் பிரஷ்ய மன்னர் அதை வாங்கினார். பிரித்துக் கொண்டுபோய் நிறுத்திய அந்தக் கோயில் இன்று போலந்தின் கார்பாச்சில் இருக்கிறது. 1844இல் தோன்றிய நார்வேயின் தொன்மைச் சின்னப் பாதுகாப்புச் சங்கம் எட்டுக் கோயில்களைத் தன் உடைமையாக வைத்துக் காக்கிறது. பெர்கனில் வாழும் தமிழர்களுக்குத் தெரிந்த ஃபான்டோஃப்ட் கோயில், 1883இல் ஃபோர்ட்டூன் என்ற ஊரிலிருந்து பெயர்த்துவரப்பட்டது. 1992 ஜூன் 6 அன்று தீவைப்பில் சாம்பலாயிற்று. இப்போது நிற்பது 1997இல் முடிந்த மறு ஆக்கம்.

நோர்டிக் நாடுகள் முழுக்க மரத்திலேயே கட்டின என்று எண்ணிவிடக் கூடாது. இன்றைய சுவீடனிலுள்ள லுண்ட் பேராலயம் கல்லால் ஆனது, அதன் முதன்மைப் பலிபீடம் 1145இல் அருட்பொழிவு பெற்றது. 12ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய டென்மார்க்கின் ரோஸ்கில்ட் பேராலயம் செங்கல். அங்கே உறங்கும் மன்னர்களுள் ஒருவர் நான்காம் கிறிஸ்தியான். 1620இல் டேனியர் தரங்கம்பாடிக்கு வந்தது அவர் ஆட்சியில்தான்.

இங்கிலாந்தில் இம்மரபுக்கு மிக நெருங்கி நிற்பது எசெக்ஸின் கிரீன்ஸ்டெட் கோயில். பிளந்த ஓக் தடிகளை நெட்டாக நிறுத்திய அதன் சுவர், மரவளையக் கணிப்பின்படி 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. தடிகளின் உளுத்த அடியை 1848இல் அறுத்தெறிந்து, செங்கல் மேடையின் மேல் அவற்றை மீண்டும் நிறுத்தினார்கள். நார்வேத் தச்சர்கள் பல நூற்றாண்டுக்கு முன்பே கண்ட தீர்வு அங்கே அப்போதுதான் வந்தது.

வெஸ்ட் ஈலிங்கிற்கு வடக்கே, பெரிவேலில் உள்ள புனித மரியாள் கோயில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கல் சுவர்களோடு ஒட்டி, வெள்ளை பூசிய பலகைகள் போர்த்திய மரக்கோபுரம். பார்த்தவுடன் சிலருக்கு நார்வே நினைவு வரும். அது தோற்ற ஒற்றுமை மட்டும், கட்டுமுறையில் உறவில்லை. பெயரளவில் உறவுள்ளது மத்திய லண்டனின் ஹார்ட் ஸ்ட்ரீட் புனித ஓலாவ் கோயில். வெஸ்ட் ஈலிங்கில் எலிசபெத் லைன் ஏறி லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். 1030இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் மாண்டு புனிதராகிய நார்வே மன்னர் ஓலாவின் பெயர் அதற்கு. கட்டடம் முற்றிலும் ஆங்கிலப் பாணி, 15ஆம் நூற்றாண்டு. 1941இல் ஜெர்மன் குண்டுவீச்சில் சிதைந்து, 1954இல் மீண்டும் திறக்கப்பட்டது. நார்வே மன்னர் ஏழாம் ஹோகோன், ஓலாவ் அடக்கம் செய்யப்பட்ட டிரோன்ட்ஹைம் பேராலயத்தின் கல்லொன்றை அங்கே பதித்தார்.

இருக்கும் வழிபாட்டிடத்தையே வேறொரு காலத்தவர் எடுத்தாளும் வழக்கம் வெஸ்ட் ஈலிங்கிலும் உண்டு. சேப்பல் ரோட்டில் முன்னர் கிறித்தவ வழிபாடு நடந்த கட்டடத்தில்தான் ஈழத் தமிழர் திரளும் கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. பெரிவேல் கோயிலில் 1972க்குப் பின் வழக்கமான வழிபாடு இல்லை. ஆர்வலர் சங்கம் ஒன்று அதை மேலை இசைக் கச்சேரிக் கூடமாக நடத்திவருகிறது.