உரிமையும் ஓலையும்

சட்டம் இயற்றியாகிவிட்டது, இனிக் கவலை என்ன என்று கேட்போர் உளர். ஏட்டிலே உறங்கும் உரிமை, அடுப்பங்கரையிலே அடைபட்டுக் கிடப்பவளின் செவிக்கு எட்டுவது எங்ஙனம்? எட்டிய பின்னரும், ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம் அகலுவது எங்ஙனம்? இந்தக் கேள்விகளோடு அமெரிக்க மாதரின் வாக்குரிமை வரலாற்றைப் புரட்டினோம். அங்கே முக்கியமான கட்டங்களிலே, சாதாரணக் கடிதங்கள் குறுக்கிட்டு வேலை செய்திருக்கக் கண்டோம்.

1848இல் செனகா பால்ஸ் என்ற சிற்றூரிலே மாநாடு கூட்டி, பெண்ணுக்கும் வாக்கு வேண்டும் என்றனர். ஏடுகள் எள்ளி நகையாடின. வேதத்தைக் காட்டி மிரட்டினர் பழமை விரும்பிகள். 1872இல் சூசன் அந்தோணி அம்மையார், ராச்செஸ்டர் நகரிலே துணிந்து சென்று வாக்களித்தார். கைது! வழக்கு! 100 டாலர் அபராதம்! ஒரு காசும் கட்டமாட்டேன் என்றார், கட்டவுமில்லை. வாக்களித்த அன்றே, தோழி எலிசபெத் ஸ்டாண்டனுக்கு மகிழ்ச்சி பொங்கக் கடிதம் எழுதினார். தான் பெற்ற துணிவைத் தோழிக்கும் தரும் ஆவல் அது.

ஆண்டுகள் உருண்டன. 1920 ஆகஸ்டு மாதம், அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 35 மாநிலங்கள் இசைந்துவிட்டன. இன்னும் ஒன்றே தேவை. டென்னசி மாநிலச் சட்டமன்றம் கூடிற்று. ஆதரிப்போர் சட்டையிலே மஞ்சள் ரோஜா. எதிர்ப்போர் சட்டையிலே சிவப்பு ரோஜா. 24 வயது இளைஞர் ஹாரி பர்ன் அணிந்திருந்தது சிவப்பு! ஆனால் அவர் சட்டைப் பையிலே கடிதம் ஒன்று இருந்தது. நயோட்டா என்ற கிராமத்திலிருந்து அன்னை பெப் பர்ன் எழுதியது. வீட்டுச் செய்திகளுக்கு நடுவே, பெண்களுக்கு வாக்கு அளிக்கத் துணை நில் மகனே என்று வேண்டியிருந்தார் அந்தத் தாய். ஆகஸ்டு 18. தீர்மானத்தை ஒத்திப்போடும் முயற்சியிலே 48க்கு 48 எனச் சமநிலை. அடுத்து, தீர்மானத்தின் மீதே வாக்கெடுப்பு. ஹாரி பர்ன் 'ஆம்' என்றார்! 49க்கு 47. அன்னையின் அறிவுரையே மகனுக்கு நன்று என்று மறுநாள் மன்றத்திலே விளக்கமும் தந்தார்.

வென்றாயிற்று, முடிந்ததா வேலை? இல்லை! அந்த ஆண்டு நவம்பர்த் தேர்தலிலே, வாக்குரிமை பெற்ற மாதரில் ஏறத்தாழ மூவரில் ஒருவரே சாவடி சென்றனர். ஜார்ஜியாவிலும் மிசிசிப்பியிலும், பெயர் பதியும் காலம் கடந்துவிட்டது என்று கதவை அடைத்தனர். கருநிற மாதருக்கோ, வரி என்றும் எழுத்தறிவுத் தேர்வு என்றும் முள்வேலி. மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலே உழைத்த ஃபேனி லூ ஹேமர், தமக்கு வாக்குரிமை உண்டு என்ற செய்தியையே 1962இல்தான், தமது 44ஆம் வயதிலே, ஒரு கூட்டத்தில் கேட்டறிந்தார்! சட்டம் பிறந்து 42 ஆண்டுகள். அதைச் சொல்ல ஒரு நாவும் அவரை நாடவில்லை, ஒரு ஓலையும் வரவில்லை. பதியச் சென்ற அன்றே, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார். அம்மையார் அஞ்சவில்லை. மீண்டும் சென்றார், பதிந்தார், பிறரைப் பதிவு செய்யவும் ஊர் ஊராய்ச் சுற்றினார். 1965இல் வந்தது வாக்குரிமைப் பாதுகாப்புச் சட்டம். 1971இல் 18 வயதினருக்கும் வாக்கு.

1980 தொட்டு, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல்களிலே ஆடவரைவிடப் பெண்டிரே கூடுதல் விகிதத்தில் வாக்களிக்கின்றனர். எனினும் இளமையிடம் தயக்கம் தங்கியிருக்கிறது. 2020இல் முதியோரில் நால்வரில் மூவர் வாக்களிக்க, 24 வயதுக்குட்பட்டோரில் பாதிப் பேரே சென்றனர். இந்தத் தயக்கத்தைக் களையக் கிளம்பினர் கடிதத் தொண்டர்கள். 2017இல் தோன்றிய 'வோட் பார்வர்ட்' அமைப்பு, அடிக்கடி வாக்களிக்காத இளைஞர், மணமாகாத மாதர், சிறுபான்மையினர் ஆகியோரின் முகவரிகளைத் தொண்டர்களுக்குத் தருகிறது. தொண்டர், 'நான் ஏன் வாக்களிக்கிறேன்' என்பதைத் தம் கையாலேயே எழுத வேண்டும். கட்சியின் பெயரோ வேட்பாளர் பெயரோ கூடாது. தபால் தலைக்கும் தாமே காசு தர வேண்டும். தேர்தல் நெருங்கும்போது, குறித்த நாளிலே அனைத்தும் அஞ்சலில் சேரும். கொள்ளை நோயால் கதவு தட்ட இயலாதிருந்த 2020இல், இவ்விதம் சென்ற கடிதங்கள் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல்!

இதனால் விளைந்தது என்ன என்று பகுத்தறிவாளர் கேட்க வேண்டும், கேட்டனர். ஒரு சாராருக்குக் கடிதம் அனுப்பி, அதே நிலையிலுள்ள மற்றொரு சாராருக்கு அனுப்பாது விட்டு, இரு சாராரின் வாக்களிப்பையும் ஒப்பிட்டனர். நேரில் சென்று பேசுவதே கூடுதல் பயன் தரும் என்பதை 1998இல் நியூ ஹேவன் நகரிலே நடந்த ஆய்வு காட்டிற்று. நூறு பேருக்கு எழுதினால், கூடுதலாக ஒருவர் வந்தாலே பெரிது. ஒருவர்தானா என்று உதட்டைப் பிதுக்குவோர், டென்னசியிலே வரலாற்றைத் திருப்பியது எத்தனை வாக்கு என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

தோழர்களே! உரிமையைப் பெற்றுத்தரத் தலைவர்கள் தேவைப்பட்டனர். அதைப் பயன்படுத்தச் செய்ய, எழுதத் தெரிந்த ஒருவர் போதும். அண்டை வீட்டிலே அகவை 18 நிரம்பிய நங்கை இருக்கிறாள். அவள் பெயர் பட்டியலில் ஏறியதா என்று கேட்டவர் உண்டா? தந்தை காட்டும் சின்னம், தமையன் சொல்லும் சின்னம் என்றல்லாமல், தன் அறிவு சொல்வதைக் கேள் தங்காய் என்று அவளிடம் சொன்னவர் உண்டா? இல்லையெனில், எடுப்போம் எழுதுகோலை!