செவன்ஸ் ரசிகர்கள் (பாலக்காடு)

கேரளத்தின் பாலக்காடு, மலப்புறம் வட்டாரங்களில் மழை ஓய்ந்ததும் தொடங்கி, அடுத்த பருவமழை வரும்வரை நடக்கும் ‘செவன்ஸ்’ எனப்படும் ஏழு பேர் கால்பந்துப் போட்டிகளின் உயிர்நாடி ரசிகர்கள்தாம். அறுவடை முடிந்த வயலோ பள்ளி மைதானமோ, கமுகு மரத்தாலும் மூங்கிலாலும் தற்காலிகக் கேலரி கட்டி, மின்விளக்கொளியில் ஆட்டம் நடக்கும். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரம் இதற்கு இல்லை. ரசிகர் வாங்கும் டிக்கெட்டே முக்கிய வருவாய். ஆப்பிரிக்க வீரர்களை வரவழைப்பதும் பல ஊர்களில் மருத்துவ உதவி செய்வதும் அந்தப் பணத்தில்தான்.

மைதானம் சிறியது. கோட்டோரம் நிற்பவரின் கூச்சல் வீரனின் காதில் நேரே விழும்.

ரசிகர்களின் பாசத்தின் ஆழத்தைக் கால்பந்து வீரர் ஆர். தனராஜனின் மறைவில் காணலாம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளுக்கு ஆடிய இந்தப் பாலக்காட்டுக்காரர், 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் செவன்ஸ் ஆட்டத்தின்போதே மயங்கி விழுந்து இறந்தார், வயது 39. அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட, 2020 ஜனவரி 19 அன்று பாலக்காடு நூரணி மைதானத்தில் காட்சிப் போட்டி ஏற்பாடானது. தமிழ் அக்கிரகாரத்தை ஒட்டிய பழைய கால்பந்துத் திடல் அது. முன்னாள் இந்திய வீரர்கள் பாய்ச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் வந்திருந்தனர். ஆட்டம் தொடங்குமுன் கேலரி சரிந்து ஏறத்தாழ 50 பேர் காயமடைந்தனர்.

காசு கொடுத்து வந்தவர்களுக்கு உறுதியான இருக்கை தருவது அமைப்பாளர்களின் முதல் கடமை. இன்றும் பல ஊர்களில் ஒரு பருவத்துக்கென்று எழுப்பிப் பிரித்துவிடும் கேலரிகளில்தான் ஆயிரக்கணக்கானோர் அமர்கிறார்கள்.