ஆவினுக்கு முன்னால் ஓர் ஆ

மாதவரம் பால் பண்ணைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ‘ஆவின்’ என்றால் பச்சைப் பாக்கெட், நீலப் பாக்கெட், பால் கார்டு. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தி ஓய்ந்த எனக்கோ அது பாதியில் நின்றுபோன தொடர். ஆ என்றால் பசு. இன் சேர்ந்து ஆவின். பின்னால் பால் என்றோ நெய் என்றோ ஒரு சொல் வர வேண்டும். வருவதில்லை.

நம் பேச்சில் ‘ஆ’ மறைந்து வெகுகாலம் ஆயிற்று. மாடு என்கிறோம், பசு என்கிறோம்; பின்னது வடமொழி வரவு. ஆனால் 2018-ல் திறந்த மாதவரம் பேருந்து நிலையத்தில் ஆந்திரா வண்டிக்குக் காத்திருக்கும் நெல்லூர்க்காரரைக் கேளுங்கள்: ஆவு, ஆவு பாலு, பன்மையில் ஆவுலு. கன்னடத்திலும் ஆவு உண்டு.

இப்படி இனச்சொற்களை மொழிவாரியாக அடுக்கி பர்ரோவும் எமனோவும் 1961-ல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டார்கள்; 1984-ல் திருத்திய பதிப்பு வந்தது. அடுக்கியதோடு சரி, மூலவடிவம் எழுதவில்லை. ஸ்லாவிய அறிஞர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. ரஷ்யக் கரோவா, போலந்துக் குரோவா, செக் கிராவா மூன்றையும் வைத்துப் பசுவுக்கு *கோர்வா என்று மூலம் கண்டார்கள். எந்த ஏட்டிலும் இல்லாத சொல் என்பதற்கு அடையாளம்தான் அந்த நட்சத்திரம்.

நம் சொல்லுக்கும் நட்சத்திரம் போடலாம். *ஆ என்றா, *ஆன் என்றா? அங்கேதான் ருசி. ஆ, மா, கோ மூன்றும் உருபேற்கையில் ன் சாரியையும் பெறும் என்கிறது நன்னூல். ஆ, ஐ சேர்ந்தால் ஆனை. (வகுப்பில் யானை பிளிறும்.) ஆனைந்து, ஆனாய நாயனார் எல்லாவற்றிலும் அந்த ன் உண்டு. சாணத்துக்கு வழங்கிய ஆன்பீ, ஆப்பி என்று குறுகுவதற்குத் தொல்காப்பியர் தனியாக ஒரு விதியே வைத்திருக்கிறார். என் கட்சி இது: ன் இடையில் வந்து ஒட்டிய சாரியை அல்ல, சொல்லின் சொந்த வால், தனியாக நிற்கையில் உதிர்ந்தது, உருபேற்கையில் தங்கியது. புலவர்கள் சண்டைக்கு வரலாம்.

இப்போது டெப்போவில் “ஆவினுக்கு லோடு வந்தாச்சா?” என்கிறார்கள். ஏற்கெனவே சாரியை பெற்ற சொல்லின் மேல் ஓர் உருபு! பிரித்து எழுதச் சொன்னால் பழைய கணக்கில் ஆ + இன் + கு. பிள்ளைகள் ஆவின் + கு என்பார்கள். நான் இரண்டுக்கும் மார்க் போடுவேன்.