தூசி விசிறியும் அதன் ஸ்விட்சும்

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்னும் ஊரைச் சூழ்ந்த பீச் மரக் காடுகளில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நாற்காலிக் கால்களைக் கடைந்து ஜீவனம் செய்த தொழிலாளிகள், வெட்டிய மரத்தின் ஈரம் உலருமுன்பே அதைக் காலால் மிதித்து ஓட்டும் கடைசல் பொறியில் ஏற்றி உளி வைத்தார்கள். ஆகையால் அவர்கள் காலடியில் சீவல் சுருள்சுருளாக விழுந்ததேயன்றி, மூச்சில் தூசி அதிகம் ஏறவில்லை. அந்தக் கால்களை வாங்கி நாற்காலிகளாக முடித்த ஊர்த் தொழிற்சாலைகளிலோ, உலர்ந்த மரமும் அதிவேக ரம்பமும் உப்புத்தாள் யந்திரமும் சேர்ந்து, கண்ணுக்கே புலனாகாத நுண்தூளைக் காற்றில் நிறைத்தன. மற்ற ஜனங்களிடையே மிக அபூர்வமான ஒருவகை நாசிப் புற்றுநோய் அவ்வூர் மரத்தொழிலாளரிடையே திரும்பத் திரும்பத் தோன்றுவதை எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற அம்மையாரும் அவருடைய சக வைத்தியர்களும் கவனித்து, 1968-இல் ஆச்சிசன் என்பவருடன் சேர்ந்து பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். மறு வருஷமே பிரிட்டிஷ் அரசாங்கம் அதைத் தொழில்நோய் என்று அங்கீகரித்தது. 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்றே வகைப்படுத்திவிட்டது.

பரிகாரம் என்னவோ நோய்க்கு முன்பே பிறந்திருந்தது. அமெரிக்காவில் செருப்புத் தொழிலிலிருந்து வந்த ஸ்டர்ட்டிவன்ட் என்பவர், தோலைத் தேய்க்கும் யந்திரங்களிலிருந்து கிளம்பும் தூசியை உறிஞ்சுவதற்கென்றே 1860-களில் விசிறி ஒன்றை அமைத்தார். 1885-இல் ஃபின்ச் என்பவர் பதிவுசெய்த தூசி சேகரிக்கும் கூம்பு, காற்றைச் சுழலவிட்டுத் தூளைக் கீழே இறக்கும் தத்துவத்தைத் தொழிற்சாலைகளுக்கு அளித்தது. அக்காலத்துப் பட்டறைகளில் ஒரே நீராவி எந்திரம் கூரையடியில் நீண்டு கிடந்த தண்டைச் சுழற்ற, அதிலிருந்து இறங்கிய பெல்ட்டுகள் ரம்பத்தையும் இழைப்பு யந்திரத்தையும் ஓட்டியதுபோலவே தூசி விசிறியையும் ஓட்டின. அதைத் தனியே முடுக்கும் பொறுப்பு எந்தத் தொழிலாளிக்கும் இருந்ததில்லை. இதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

பின்னர் யந்திரத்துக்கு ஒரு மின்சார மோட்டார் என்றாயிற்று. தண்டு மறைந்தது, விசிறியும் தனித்துப் போயிற்று. 1947-இல் ஷாப்ஸ்மித் போன்ற பல்தொழில் யந்திரங்கள் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்து, கார் நிறுத்தும் ஷெட்டிலும் நிலவறையிலும் மரவேலை செய்யும் இல்லத்தார் பெருகியபோது, தூசியும் வீட்டுக்குள்ளேயே குடிபுகுந்தது. காலக்கிரமத்தில் ஒன்றிரண்டு குதிரைசக்தி மோட்டாரும் துணிப்பையும் நான்கு அங்குலக் குழாயும் கொண்ட சிறிய சேகரிப்பான்கள் அவர்களுக்கும் கிட்டின. ஆனால் அவற்றின் ஸ்விட்ச் பட்டறையின் கோடியில், பலகை அடுக்குகளுக்குப் பின்னால் இருந்தது. ஒரே ஒரு துண்டைக் குறுக்கே அறுக்க வேண்டியவன் அங்கே போய்த் திரும்புவதைவிட மூச்சை அடக்கிக்கொண்டு அறுத்துவிடுவதே சுலபம் என்று எண்ணினான். அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கை வேலையில் லயித்திருக்கும்போது எட்டு அடி தூரமும் தூரந்தான்.

ஆகவேதான், விசிறியை இருந்த இடத்திலிருந்தே முடுக்க, சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளும் சிறிய ரிமோட்டைச் சௌகரியப் பொருள் என்று ஒதுக்காமல் ஆரோக்கிய சாதனமாகவே மதிக்க வேண்டும் என்கிறேன். அதனினும் நுட்பமானது, ரம்பத்துக்குச் செல்லும் மின்கம்பி ஒன்றை ஒரு வளையத்தின் நடுவே நுழைத்துச் செய்த ஏற்பாடு: ரம்பம் ஓடியதும் கம்பியில் பாயும் மின்னோட்டம், வளையத்தின் மேல் சுற்றிய மெல்லிய தாமிரக் கம்பியில் சிறிது மின்சாரத்தைத் தூண்ட, அது ரிலேவை இழுத்து விசிறியை ஓடவைக்கிறது. மோட்டார் புறப்படும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்குமாதலால், இரண்டும் ஒருசேரக் கிளம்பிப் பிரேக்கர் விழாதபடி, விசிறி ஓரிரு விநாடி தாமதித்தே எழும். ரம்பம் நின்ற பின்னும் குழாயில் தங்கிய தூளை இழுத்து முடிக்கச் சில விநாடிகள் சுழன்றுகொண்டிருக்கும். கைக்கருவிகளின் பிளக்கைத் தன் உடலிலேயே ஏற்றுக்கொள்ளும் உறிஞ்சு யந்திரங்களும் இதே முறையில்தான் தாமாக எழுந்து தாமாக அடங்குகின்றன.

எனினும் பல யந்திரங்களுக்கு ஒரே குழாய் கிளைபிரியும் பட்டறையில், அந்தந்தக் கிளையின் தகட்டுக் கதவைக் கையால் திறக்காவிட்டால் விசிறி ஓடியும் பயனில்லை. அதனால் சிலர் ஸ்விட்சைக் கதவிலேயே பொருத்தி, கதவைத் திறந்தால் விசிறி எழும்படி செய்துகொண்டார்கள். இந்த ஏற்பாடுகளில் எனக்கு உவப்பானது இதுவே, செலவும் குறைவு.