பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஒற்றுமையும் சாதியும் (1928–1938)

முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜப்பானியத் துணியின் போட்டியால் பம்பாய்ப் பருத்தி ஆலைகள் நலிவுற்றன. 1927இல் ரூபாயின் மாற்று மதிப்பு 18 பென்ஸாக நிறுத்தப்பட்டது இந்நலிவை மிகுவித்தது. ஆலையுடைமையாளர் அச்சுமையைத் தொழிலாளர்மேல் ஏற்றினர். இரண்டு தறிகளை இயக்கிய நெசவாளர் மூன்றை இயக்குமாறு பணிக்கப்பட்டனர். இதனை எதிர்த்து 1928 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ 1.5 இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பொதுவுடைமையர் தலைமையிலான கிர்ணி காம்கார் சங்கம் இப்போராட்டத்தில் உருவானது.

எனினும், ஊதியம் மிகுந்த நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டோர்க்கு இடமில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்கும் வழக்கத்தால் தீட்டு நேரும் என்பதே கூறப்பட்ட காரணம். இத்தடையை நீக்குவதும் கோரிக்கைகளுள் இடம்பெற வேண்டுமென 1928இல் அம்பேத்கர் வலியுறுத்தினார். 1929 பிப்ரவரிக் கலவரமும் மார்ச்சில் நிகழ்ந்த மீரட் சதிவழக்குக் கைதுகளும் சங்கத்தைத் தளர்த்தின. அவ்வாண்டு வேலைநிறுத்தத்தை அம்பேத்கர் எதிர்த்தார்.

வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதாவை மாகாணக் காங்கிரஸ் அரசு கொண்டுவந்தபோது நிலை மாறியது. 1938 நவம்பர் 7 அன்று அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் பொதுவுடைமையரும் இணைந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினர். ஆயினும் மசோதா சட்டமாயிற்று. பொது எதிரி தொழிலாளரை ஒன்றுசேர்க்கலாம். தறிக்கூடத்துத் தீண்டாமையை அச்சேர்க்கை தானாக அகற்றுவதில்லை என்பதே இப்பத்தாண்டு வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.